ரிப்பேரா, பார்ட்ஸா?

கெட்டுப்போன லேப்டாப்பை விற்பதற்கு முன்னால் அதைச் சரி பண்ணி முழுசாக விற்பதா, பிரித்துப் பார்ட்ஸாக விற்பதா என்று முடிவெடுத்துக் கொடுக்கக் காந்திபுரத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே முடிவு மட்டும்தான் எடுப்பார்கள். ரிப்பேர் இரண்டாவது மாடியில். பிரிப்பது நான்காவது மாடியில். மூன்றாவது மாடியை யாரோ கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் போயிருந்ததால் அன்று அது இல்லை. முடிவெடுப்பது மூன்றரையாவது மாடியில்.

நாச்சிமுத்து படியேறிப் போனார். லிஃப்ட் இருந்தது. அதில் ஏற்கெனவே முடிவெடுத்தவர்களை மட்டும்தான் ஏற்றினார்கள்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று ரெஜிஸ்டரில் எழுதுவது அவர் வேலை. எட்டு மாதத்துக்கு முன் ஆலையை மூடினார்கள். கடைசி நாளன்று எல்லோரும் வெளியே போன நேரத்தை ஒழுங்காக எழுதிவிட்டு, தான் போன நேரத்தை எழுத மறந்துவிட்டார். ரெஜிஸ்டர்படி பார்த்தால் மனிதர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

லேப்டாப் மகள் காலேஜில் படிக்கும்போது வாங்கியது. அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். லேப்டாப் போகவில்லை. ஒரு வருஷமாக அது ஆன் ஆகவும் இல்லை. மூடியைத் தாங்கும் ஹிஞ்ச் ஆடியது. கீபோர்டில் இரண்டு எழுத்து காணோம். வீட்டு சோபாவின் ஒரு முனையில் அது கிடந்தது. மறுமுனையில் நாச்சிமுத்து இருந்தார்.

அன்று காலை அவர் மனைவி துளசிமணி குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"ஒண்ணு சரி பண்ணுங்க. இல்லாட்டிப் பிரிச்சுக் குடுத்துருங்க. ஊட்ல சும்மா கெடக்கறதப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது."

சொல்லும்போது அவள் சோபாவைப் பார்த்தாள். சோபாவின் எந்த முனையைப் பார்த்தாள் என்று அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. லேப்டாப்பை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்றரையாவது மாடியில் ஒரே ஒரு தாழ்வாரம். அதன் கடைசியில் கதவு. முடிவெடுக்காத ஆளுக்குத் தாழ்வாரம் நீளும். ரிப்பேர்தான் நல்லது என்று நாச்சிமுத்து நினைத்தபோது பத்தடி குறைந்தது. செலவு பண்ணின பிறகு யாரும் வாங்காவிட்டால் என்ன செய்வது என்று நினைத்ததும் இருபதடி கூடியது. பாதி வழியில் ஒருவர் டீக்கடை போட்டிருந்தார். வியாபாரம் சக்கைப்போடு போட்டது. பின்னால் மிக்ஸியோடு வந்த ஓர் அம்மாள், "பிரிச்சுப் போட்ற வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தபடி நான்கே எட்டில் கதவைத் தொட்டாள். நாச்சிமுத்துவுக்கு ஒன்றரை மணி நேரமும் இரண்டு டீயும் ஆயிற்று.

உள்ளே கவுன்ட்டரில் ரோஸ்லின் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிராமல் எழுதினாள்.

"பேருங்க?"

"நாச்சிமுத்து."

"நம்பர்?"

அவர் ஃபோனுக்கு ரீசார்ஜ் பண்ணவில்லை. துளசிமணியின் நம்பரைக் கொடுத்தார்.

"என்ன கம்ப்ளைன்ட்?"

"ஆன் ஆக மாட்டீங்குது. ஹிஞ்ச் ஆடுது."

அவள் இரண்டு துண்டு வெள்ளை டேப்பில் பேனாவால் எழுதி நீட்டினாள். ஒன்றில் 'நாச்சிமுத்து' என்ற பேரும் நம்பரும் இருந்தன. இன்னொன்றில் 'நோ பவர், ஹிஞ்ச் லூஸ்' என்று இருந்தது.

"ஒட்டிருங்க" என்றாள்.

எங்கே எதை ஒட்டுவது என்று அவள் சொல்லவில்லை. நாச்சிமுத்துவும் கேட்கவில்லை. அவர் வீட்டில் குடம், குண்டா, டம்ளர், கரண்டி எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கும். பேர் என்றால் அது பொருளில்தான் இருக்கும். ஆள் மேல் யாராவது பேர் ஒட்டுவார்களா? பேர் இருந்த டேப்பை லேப்டாப் மூடியில் அழுத்தி ஒட்டினார். மற்றது கையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று அதைத் தன் சட்டைப் பையில் ஒட்டி வைத்தார்.

அந்த அலுவலகத்தில் முறை வேறு. ஆளுக்குப் பேர். பொருளுக்குக் கோளாறு.

ரோஸ்லின் தலை நிமிர்ந்தாள். லேப்டாப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க சார், உக்காருங்க" என்று அதை இரண்டு கையாலும் எடுத்து ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலியில் வைத்தாள். அதன் முன்னால் ஒரு டீ வைத்தாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அக்பர் பாய், ஒரு நோ பவர் வந்திருக்குது. ஹிஞ்ச் லூஸ். சைஸ் பெருசு."

"ஏங்கம்மணி, நாந்தான் நாச்சிமுத்து" என்றார் நாச்சிமுத்து.

அவள் அவர் சட்டைப் பையைப் படித்தாள். "இல்லீங்க. நீங்க நோ பவர்."

"மாத்தி ஒட்டிப்போட்டனுங்க. எடுத்து மாத்திக்கறேன்."

"எடுத்தா வாரண்டி போயிருமுங்க."

"எதோட வாரண்டி?"

"அத ஓனர்கிட்டக் கேட்டுத்தான் சொல்ல முடியும்." அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "சார் யோசிக்கிறாரு."

வேறு யாராவதாக இருந்தால் அங்கே சத்தம் போட்டிருப்பார். நாச்சிமுத்து போடவில்லை. ஒரு தடவை ஆலையில் ஒரு தொழிலாளி அவர் முன்னால் நின்றுகொண்டு, "ஐயா, நான் வந்துட்டேன், ஆப்சென்ட் போடாதீங்க" என்று கெஞ்சினான். ரெஜிஸ்டரில் போட்டாகிவிட்டது என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பியவர் இவர். எழுதினது எழுதினதுதான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. அதனால் சுவரோரம் இருந்த ரேக்கின் மூன்றாவது தட்டில் அவரை ஏற்றி வைத்தபோது கால்களை மடக்கிக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்தார்.

ரேக்கில் ஏற்கெனவே பதினொரு பேர் இருந்தார்கள். எல்லோரும் ஆண்கள். எல்லோர் சட்டையிலும் வெள்ளை டேப். பக்கத்தில் இருந்தவர் ஒரு பி.டி. மாஸ்டர். அவர் டேப்பில் 'ஓவர் ஹீட்' என்று இருந்தது.

"எத்தன நாளா இருக்கீங்க?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"மூணு வருசம்."

"ஏனுங்க அத்தன நாளு?"

"ஸ்பேர் வரோணும்."

"என்ன ஸ்பேரு?"

"அவங்களுக்கே தெரியாது. வந்தாத்தான் தெரியும்."

"ஊட்ல தேடலீங்களா?"

பி.டி. மாஸ்டர் கொஞ்சம் சூடானார். பிறகு ஆறினார். "ஒருக்கா ஃபோன் பண்ணுனாங்களாம். பார்ட்ஸுன்னா என்ன வெலைன்னு கேட்டாங்களாம்."

நாச்சிமுத்து மடக்கிய காலை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொண்டார்.

அக்பர் பாய் வந்தார். தாடி நரைத்த மனிதர். கண்ணில் ஒற்றை லென்ஸ், காதில் ஸ்க்ரூ டிரைவர். நல்ல தொழில்காரர் என்று பார்த்ததும் தெரிந்தது. நாச்சிமுத்துவை மேஜையில் படுக்கவைத்தார். முழங்காலை மடக்கிப் பார்த்து, "ஹிஞ்ச் லூஸ்தான்" என்றார். பிறகு நெற்றியில் கட்டை விரலை வைத்து முப்பது செகண்ட் அழுத்திப் பிடித்தார்.

"ஆன் ஆகல" என்றார்.

"நான் ஆன்லதான் இருக்கறனுங்க பாய்."

"லைட் எரியுது. படம் வரல."

பாய் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

"போர்டுல ஒரு லைன் கட்டாகியிருக்கு. காலைல எந்திரிச்சதும் எங்க போறதுன்னு ஒரு சிக்னல் வரும்ல, அந்த லைன். எட்டு மாசம் இருக்குமா?"

"இருக்குமுங்க."

"சரி பண்ணலாம். ஆனா செலவு பண்ணி முழுசா விக்கலாம்னு பாத்தா, அம்பத்தாறு வருசப் பழைய மாடல எவன் வாங்குவான்? பார்ட்ஸ் பாருங்க, ஒவ்வொண்ணும் தங்கமா இருக்கு. பார்ட்ஸுக்குத்தான் டிமாண்டு."

டிமாண்டு என்பது பொய் இல்லை. அடுத்த அரை மணியில் வாங்குபவர்கள் வந்துவிட்டார்கள். பொள்ளாச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் ஒரு நர்ஸுக்கு இடது தோள் வேண்டும். சாய்ந்து தூங்கிக்கொண்டு போக. "ஆடாத தோளா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்துவின் தோளில் சாய்ந்து பத்து நிமிஷம் தூங்கிப் பார்த்தாள். எழுந்து, "நல்லாருக்குது" என்றாள். ஒரு கல்யாண மண்டப மேனேஜருக்கு அவர் கையெழுத்து வேண்டும். மொய் எழுதுவதற்கு. "இந்தக் கையெழுத்துல எழுதுனா ஒருத்தனும் சண்டைக்கு வர மாட்டான்" என்றார். ஒரு சாஃப்ட்வேர் பையனுக்கு அவருடைய 'ம்' மட்டும் போதும். அவன் மாமியார் ஃபோனில் பேசும்போது நடுநடுவில் போட்டுவிடுவதற்கு.

"ஒருக்கா சொல்லிக் காட்டுங்க" என்றான்.

"ம்" என்றார் நாச்சிமுத்து.

"அப்பா! நெசமாவே கேக்கற மாதிரியே இருக்குது" என்று அவன் அசந்துபோனான்.

நாச்சிமுத்து மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் அவரை யாரும் எதற்கும் கேட்டதில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் கதவைத் திறக்கச் சொன்னதோடு சரி. இங்கே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தில் ஒரு கேள்வியும் கேட்டுவிட்டார்.

"முழுசா யாராச்சும் கேட்டாங்களா பாய்?"

பாய் ஒரு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை புரட்டினார். அவசரப்படாமல் புரட்டினார்.

"இல்ல" என்றார். "முழுசா யாரும் கேக்கல."

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் பார்ட்ஸாகப் போவதுதான் நியாயம் என்று பட்டது. தோள் பொள்ளாச்சி பஸ்ஸில் போகும். கையெழுத்து கல்யாணத்துக்குக் கல்யாணம் போகும். சாயங்காலம் வீட்டுக்கு எது போகும் என்பதுதான் விளங்கவில்லை.

ஓனர் சொல்லாமல் எதுவும் செய்ய முடியாது. பாய் நாற்காலிக்குப் போய்க் குனிந்து பணிவாகக் கேட்டார். "சார், ரிப்பேரா, பார்ட்ஸா?"

லேப்டாப் ஒன்றும் சொல்லவில்லை.

"சார் யோசிக்கிறாரு" என்றாள் ரோஸ்லின்.

நான்கு மணி வரை யோசிக்கலாம். அதற்குள் முடிவு வராவிட்டால் பொருள் தானாகவே பார்ட்ஸுக்குப் போய்விடும். அது சட்டம். மூன்றே முக்கால் ஆனது. நர்ஸ் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டு போகத் தயாராக விரித்தாள். வேறு வழியில்லாமல் பாய் டேப்பில் இருந்த நம்பருக்கு ஃபோன் போட்டார்.

"அம்மா, சார் இங்கதான் இருக்காரு... டீ வெச்சிருக்கோம்... ரெண்டு மணி நேரமா எது கேட்டாலும் வாயே தொறக்க மாட்டேங்கறாரு... ஓ, வழக்கமாவே அப்படித்தானா... சரிம்மா, வாங்க."

நான்கு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது துளசிமணி வந்தாள். கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து எண்ணினார். மூன்றே எட்டு. கதவு திறந்துவிட்டது.

மூன்றே எட்டு என்றால் அவள் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். என்ன முடிவு என்று அவள் முகத்தில் தேடினார். அதில் வெயிலில் வந்த எரிச்சல் மட்டும்தான் தெரிந்தது.

அவள் நாற்காலியில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். மேஜையில் இருந்த புருஷனைப் பார்த்தாள். இரண்டு டேப்பையும் படித்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இதென்ன பாய் கண்டிஷன்?" என்று மேஜையைக் காட்டிக் கேட்டாள்.

அக்பர் பாய் மறைக்கவில்லை. போர்டில் ஒரு லைன் கட், ஹிஞ்ச் லூஸ், ரிப்பேர் கட்டுப்படியாகாது, பார்ட்ஸ் மட்டும் நன்றாகப் போகும் என்று உள்ளதைச் சொன்னார். "எடது தோளுக்கு ஆள் வெயிட்டிங்."

துளசிமணி நர்ஸைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "அந்தத் தோளுல சுளுக்கு இருக்குது. அமாவாசைக்கு அமாவாசை புடிச்சுக்கும்."

"கையெழுத்து?" என்று பாய் கேட்டார்.

"இவரு எழுதுன மளிகை லிஸ்ட்டப் படிச்சு அந்தக் கடைக்காரரு பச்சைப்பயறுக்குப் பதிலாப் பாச்சை மருந்து குடுத்து உட்டாரு."

"ஒரு 'ம்' போடறாரும்மா, அது பிரமாதம்" என்றார் பாய், மனம் தளராமல்.

"அத நம்பி மோசம் போனவ நானு. 'ம்'முன்னாருன்னா ஒண்ணுமே காதுல ஏறலைன்னு அர்த்தம்."

சாஃப்ட்வேர் பையன் வரிசையிலிருந்து கழன்றுகொண்டான். மேனேஜரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. இத்தனை பேருக்கு முன்னால் இப்படி மானத்தை வாங்குகிறாளே என்று நொந்துபோனார். அப்புறம் ஒன்று உறைத்தது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பொருளைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். இப்படிக் குறை சொல்வது வாங்க வந்தவர்கள்.

"முழுசா யாரும் கேக்கலீங்களா?" என்று துளசிமணி கேட்டாள்.

"இல்லம்மா."

"நான் கேக்கறேன்."

ரேக்கில் இருந்தவர்கள் மூச்சு விடுவதை நிறுத்தினார்கள். அக்பர் பாய் லென்ஸைக் கழற்றினார்.

"ரிப்பேர் பண்ணிக் குடுக்கட்டுமா?"

"வேண்டாம். இருக்கற மாதிரியே குடுங்க."

"கேரண்டி இல்லம்மா."

"கண்ணாலத்தப்பவும் ஒருத்தரும் குடுக்கல."

இதுவரை முழுசாக யாரும் கேட்டதில்லை என்பதால் விலைப் பட்டியலில் விலை இல்லை. ஆகையால் எடைக்குப் போட்டார்கள். தராசில் ஏற்றி நிறுத்தியதில் அறுபத்தெட்டு கிலோ. பாய் இரும்பு விலை சொன்னார். துளசிமணி, "முப்பத்தொரு வருசம் ரெஜிஸ்டரோடவே கெடந்தவரு, பேப்பர் வெலைக்குப் போடுங்க" என்று ஒரே பிடியாக நின்றாள். பேப்பர் விலைக்கே முடிந்தது. அவள் எடையைக் குறைத்துப் போடச் சொல்லவில்லை. அதை நாச்சிமுத்து கவனித்தார். அவருக்கு மனசு குளிர்ந்தது.

ஓனரின் சம்மதம் பாக்கி இருந்தது. பாய் நாற்காலிப் பக்கம் திரும்பினார். "சார், குடுத்துரலாமுங்களா?"

ஒரு வருஷமாகப் பேச்சு மூச்சில்லாமல் கிடந்த லேப்டாப்பின் உள்ளே விசிறி சுற்றியது. அரை நிமிஷம் சுற்றிவிட்டு நின்றது.

"சார் சரிங்கறாரு" என்றாள் ரோஸ்லின், பில் போட்டபடி. பில்லின் அடியில் 'விற்ற சரக்கு வாபஸ் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தது. துளசிமணி அதை விரல் வைத்துப் படித்துவிட்டு மடித்துப் பர்ஸில் வைத்தாள்.

"ஒரு விசயம்மா" என்றார் பாய். "பேரு இதோட வராது. பேரு சாரோடது. தனியாக் குடுக்க மாட்டோம்."

"பேர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுங்க? கண்ணாலமாகி முப்பது வருசத்துல ஒரு நாளும் நான் இவரப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல."

"அப்ப எப்படிக் கூப்பிடுவீங்க? இங்கயே ஒருக்கா டெஸ்ட் பண்ணிருங்க. அப்புறம் வேலை செய்யலன்னு நாளைக்கு வந்து நிக்கக் கூடாது."

துளசிமணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏனுங்க" என்றாள்.

ரேக்கில் இருந்த பதினொரு பேரும் சட்டென்று திரும்பினார்கள். பி.டி. மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார். அக்பர் பாய்கூட அரைவாசி திரும்பினார். நாச்சிமுத்து மட்டும் திரும்பவில்லை. லேப்டாப்புக்கு வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டதே, யாரும் குடிக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வேலை செய்யலீங்களேம்மா" என்று பாய் வருத்தப்பட்டார். "வேற ஒண்ணு எடுத்துக்கங்க. பாருங்க, பதினொண்ணும் ஒரே கூப்பாட்டுக்குத் திரும்புது. அதே வெலைதான்."

துளசிமணி அந்தப் பதினொரு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லோரும் ஆசையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நினைத்து அவளுக்குப் பாவமாக இருந்தது.

"இல்லீங்க பாய்" என்றாள். "இவருதான். என்ற ஊட்டுக்காரரு மொதத் தடவைக்குத் திரும்ப மாட்டாரு."

பிறகு இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

நாச்சிமுத்து திரும்பினார்.

"சொல்லு" என்றார்.